கொரெட்டியின் சீட்டுப் பெட்டி

கொரெட்டி மல்விஹிலின் சிவப்பு மைக்ரா கார் வீட்டு வாசலில் திரும்பினால் எங்கள் குளூன்பரா கிராமத்தில் நாய்கூடக் குரைப்பதில்லை. இருபது வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகவும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலும் அவள் எங்கள் ஊர் விளையாட்டுக் கிளப்புக்காக லாட்டரிச் சீட்டு விற்கிறாள். சீட்டு ஒன்று இரண்டு யூரோ. பரிசு அநேகமாக யாருக்கும் விழுவதில்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதுமில்லை.

மற்ற நாட்களில் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ்ஸை நிறுத்திவிட்டு, பதினாலு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு, கையாலும் காலாலும் ஆடுகிற கேலிக் பந்தாட்டத்தில் பயிற்சி கொடுக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போது என்று கேட்டவர்களிடம், "செவ்வாய், வியாழன் பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். எந்தக் கிழமைன்னு நீயே சொல்லு" என்பாள். அவளே ஒரு காலத்தில் ராஸ்காமன் மாவட்டத்துக்காக நடுக்களத்தில் ஆடியவள். அந்தக் காலத்தில் பெண்கள் உடை மாற்றியது ஹூபர்ட் ஸ்காலியின் வயல் வேலிக்குப் பின்னால். இரண்டு பேர் மழைக்கோட்டை விரித்துப் பிடிப்பார்கள், மூன்றாமவள் மாற்றுவாள். அதை அவள் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. மைதானத்தில் இரண்டு உடை மாற்றும் அறைகள். ஒன்று எங்கள் ஆண்களுக்கு, இன்னொன்று ஆட வந்த வெளியூர் ஆண்களுக்கு. பெண்பிள்ளைகள் கொரெட்டியின் பஸ்ஸுக்குள், ஜன்னலில் கோட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மாற்றுகிறார்கள். கழிப்பறை வேண்டுமென்றால் சாலையைத் தாண்டி என் கடைக்கு ஓடி வர வேண்டும். என் பெயர் ஃபெஸ்டி. மைதானத்துக்கு எதிரே சிமெண்ட், ஆணி, பெயிண்ட் விற்கும் கடை என்னுடையது. பின்பக்கக் கழிப்பறையின் சாவியை ஒரு துண்டுச் சிவப்புக் குழாயில் கட்டி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வந்து கையை மட்டும் நீட்டுவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், ஆட்டத்தின் நடுவே ஓர்லா நாட்டனுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. போட்டிருந்தது வெள்ளைக் கால்சட்டை. என் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். நான் கதவைப் பூட்டி "ஒரு மணிக்குத் திறக்கும்" என்று அட்டை தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வயல் வழியாக வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். நல்ல ஆட்டக்காரி. அதற்குப் பிறகு வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இருபத்து மூன்று பேர் இருந்த அணி பதினேழு ஆயிற்று. கேலிக் ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். பதிமூன்றுக்குக் குறைந்தால் நடுவர் விசிலே ஊத மாட்டார்.

இப்படி ஒன்று நடக்கக் கூடாதென்றுதான் கொரெட்டி அதற்கும் முன்பிருந்தே, நாலு வருடமாக, ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தாள்: "பொண்ணுங்களுக்கு டிரெஸ்ஸிங் ரூம், கழிப்பறையோட." அந்தக் காசில் முதல் தவணையாக அறுநூறு சிமெண்ட் கல் வாங்கினோம். நான்தான் அசல் விலைக்குக் கொடுத்தேன். மைதான வாசலில் அடுக்கி வைத்தோம். கல்லைச் சுற்றிக் காஞ்சொறி முளைத்தது. அதை அவளே கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

போன ஜனவரியில் வந்தது வினை. எங்கள் ஆண்கள் அணி ஆறு வருடமாகக் காலிறுதியில் தோற்று வீடு திரும்பும் அணி. அணித்தலைவன் கஹல் பீர்ன் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து, போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தான்.

"முதல்ல, வெளியூர் மேனேஜர் வேணும். உள்ளூர் ஆளுங்க பேச்சப் பசங்க கேக்க மாட்டேங்குறாங்க."

"அந்தப் பசங்கள்ல நீயும் ஒருத்தன்தானே கஹல்?" என்றாள் கொரெட்டி.

"நான் எல்லார் சார்பாவும் பேசுறேன். ரெண்டாவது, பயிற்சி முடிஞ்சதும் சூடா சாப்பாடு. கோழி, பாஸ்தா. இந்த ஹாம் சாண்ட்விச்செல்லாம் இனிமே வேணாம். மூணாவது, முதுகுல மாட்டுற அந்தக் கருவி. எவ்ளோ தூரம் ஓடுனோம்னு காட்டுமே, அது."

"எவ்ளோ ஓடுனீங்கன்னு நானே சொல்றேன்டா. காசே வேணாம்."

எல்லோரும் சிரித்தோம். கஹல் சிரிக்கவில்லை. "இது இல்லன்னா எட்டுப் பேரு ஆஸ்திரேலியா கெளம்புறதா இருக்கோம்" என்றான். சிரிப்பு அப்படியே நின்றது. அந்த எட்டுப் பேரில் என் மகன் ரூரியும் ஒருத்தன் என்று எனக்குத் தெரியும். சமையலறை மேஜையில் விசா விண்ணப்பத்தைப் பார்த்திருந்தேன்.

எங்கள் விளையாட்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடுகிறவனுக்கும் இல்லை, ஆட்டுவிக்கிறவனுக்கும் இல்லை. சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அதனால் மேயோ மாவட்டத்திலிருந்து மேனேஜராக வந்த எண்டா கில்வாரிக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கவில்லை. பயணப்படி கொடுத்தோம். அந்தப் பயணப்படியைப் பார்த்தால் மனிதர் ஒவ்வொரு பயிற்சிக்கும் ரோமாபுரி வழியாக வந்து போயிருக்க வேண்டும். காசு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. கிளப்பில் இருந்த ஒரே காசு டிரெஸ்ஸிங் ரூம் காசு.

கிளப் தலைவர் மாலக்கி டான்சி பூசி மெழுகினார். "டிரெஸ்ஸிங் ரூம் எங்கயும் ஓடிப் போயிடாது கொரெட்டி. சாம்பியன்ஷிப் முடியட்டும்."

"முடிஞ்சா அப்புறம் என்ன மாலக்கி? அடுத்த சாம்பியன்ஷிப்."

கை தூக்கச் சொன்னார். கொரெட்டியைத் தவிர எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கில்வாரி கெட்ட ஆள் இல்லை. அதுதான் எரிச்சல். மரியாதையாகப் பேசுவார், நேரத்துக்கு வருவார், எல்லார் பெயரும் ஞாபகம் வைத்திருப்பார். ஆனால் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். ஆட்டத்தை உயரத்திலிருந்து வீடியோ எடுக்க கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மேடை வேண்டும் என்றார். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பையன்கள் சேர்ந்து அரை நாளில் கட்டிவிட்டார்கள். வேறெதற்கும் அவர்கள் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததில்லை. எதை வைத்துக் கட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் காஞ்சொறி மட்டும் மிச்சம்.

திங்கட்கிழமை கொரெட்டி கடைக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"உனக்குத் தெரியுமா ஃபெஸ்டி?"

"கட்டி முடிச்சப்புறம்தான் தெரியும்."

"ரூரி கல் தூக்கியிருக்கான்."

"தூக்கியிருக்கான்."

பெயிண்ட் டப்பா ஒன்றை அலமாரியில் நேராகத் திருப்பி வைத்தாள். பிறகு, "நாலு வருஷமா ஊரு காதுல பூ சுத்தியிருக்கேன். இனிமே வாசல்ல நின்னு உண்மையச் சொல்லப் போறேன். 'இந்த ரெண்டு யூரோ அந்த மேயோக்காரருக்குப் போகுது'ன்னு சொல்றேன். ஒருத்தன் வாங்குறானா பாக்கலாம். காசுப் பை காலியா வரட்டும், அப்ப மாலக்கி என் வீட்டுக் கதவத் தட்டுவாரு" என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காசு நின்றால் மேனேஜர் போவார், மேனேஜர் போனால் ரூரி போவான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் காரின் கிளட்ச் பழுதாகிவிட்டது. என் வேனில்தான் அவளை அழைத்துப் போனேன். அதனால் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் ஹூபர்ட் ஸ்காலி. மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. எப்பவும் போல ஒண்ணு குடு."

"ஹூபர்ட், ஒரு நிமிஷம். இது டிரெஸ்ஸிங் ரூமுக்கு இல்ல. மேனேஜருக்கு."

வைக்கோல் கவையைக் கீழே ஊன்றினார். "மேனேஜருக்கா? அவருக்குக் காசு குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க. சட்டத்துக்கு விரோதமா."

"நல்லாக் குடுக்குறாங்களா?"

"ரொம்ப நல்லா."

ஹூபர்ட் யோசித்தார். கொரெட்டி நிமிர்ந்து நின்றாள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்தார். "அப்போ இந்த வருஷம் நெசமாவே முயற்சி பண்றாங்க. அஞ்சு குடு. நாலு வருஷமா உனக்காகப் பாவம்னு வாங்கிட்டிருந்தேன்."

மதுக்கடையில் இன்னும் மோசம். அவள் சொன்னதைக் கேட்டு ஒருத்தன் எழுந்து வந்து பத்துச் சீட்டு வாங்கினான். பக்கத்திலிருந்தவன் சும்மா இருப்பானா, பன்னிரண்டு வாங்கினான். "காசு குடுத்தாத்தான் நல்ல ஆளு வருவான்" என்று இருவரும் அவளுக்கே விளக்கம் சொன்னார்கள். அவள் குரலை உயர்த்தி மறுபடியும் சொல்லிப் பார்த்தாள், அவர்களுக்குக் காது கேட்கவில்லையோ என்பதுபோல. மூலையில் இருந்த மூன்றாவது ஆளும் பையைத் திறந்தான்.

கடைசி வீடு நாட்டன் வீடு. ஓர்லா மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா டிம்ப்னா தேநீர் ஊற்றினாள். கொரெட்டி கோப்பையைத் தொடாமல் சொன்னாள்: "டிம்ப்னா, டிரெஸ்ஸிங் ரூம் இல்ல. கல்லையும் எடுத்துட்டாங்க. இந்தக் காசு ஆம்பளைங்க மேனேஜருக்குப் போகுது."

"கேள்விப்பட்டேன்."

"ஓர்லா திரும்பி வருவாளா?"

"எப்படி வருவா? எங்க மாத்துவா, நீயே சொல்லு." அப்படிச் சொல்லிக்கொண்டே டிம்ப்னா அலமாரிக் குவளையிலிருந்து பத்து யூரோ எடுத்து நீட்டினாள். "அஞ்சு குடு. எங்க பையன் டாரா இந்த வருஷம் முதல் பதினஞ்சுல இருக்கான். ஒரு மெடலாவது வாங்கட்டும்."

ஓர்லா தலை நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது. கொரெட்டி ஐந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வேனில் ஏறியதும் காலிப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் பெட்டி முழுக்க விற்றுத் தீர்ந்தது அன்றைக்குத்தான். மறுநாள் மாலக்கி போனில் அவளைப் பாராட்டினார். என்ன சொல்லி விற்றாளோ அதையே அடுத்த வாரமும் சொல்லச் சொன்னார்.

ஜூன் முதல் சனிக்கிழமை பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம், அது முடிந்ததும் ஆண்களுக்கு ஒரு பயிற்சி ஆட்டம். கில்வாரி ஆண்களுக்காக இரண்டு அறையையும் காலையிலேயே பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார். பையன்களின் கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று பஸ்ஸை வாசலுக்கு வெளியே சாலையில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லாரிகள் போகிற சாலை, அங்கே எந்தப் பிள்ளை உடை மாற்றும்? பதினேழு பிள்ளைகளில் ஐந்து பேர் காலையிலேயே வர முடியவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். கொரெட்டி கால் மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நடுவர் எதிரணிக்கு வெற்றி என்று எழுதினார். இதை நான் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை கிளப் அறையில் கில்வாரி அந்தப் பயிற்சி ஆட்டத்தின் வீடியோவைப் போட்டார். கமிட்டியும் வரலாம் என்றதால் போயிருந்தேன். கோழியும் பாஸ்தாவும் மணத்தன. மேடையில் நின்ற பையன் கேமராவைச் சீக்கிரமே ஓடவிட்டிருக்கிறான். திரையில் ஆண்கள் இல்லை. பன்னிரண்டு பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேலே ஆட்டச் சட்டை, கீழே வீட்டிலிருந்து போட்டுவந்த கால்சட்டை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கொரெட்டி களத்துக்குள் நடந்து வந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டுக்கொண்டே போகிறாள். சத்தமில்லாத படம். உயரத்திலிருந்து எடுத்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேடை நல்ல மேடைதான்.

அறையில் ஒருத்தரும் மெல்லவில்லை. டாரா நாட்டன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூரி திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதத் தாண்டிப் போப்பா," என்றார் கில்வாரி, மரியாதையாகத்தான். பையன் படத்தை வேகமாக ஓட்டினான். பிள்ளைகள் குடுகுடுவென்று ஓடி மறைந்தார்கள். கஹல் பந்தோடு வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கொரெட்டி சீட்டுப் பெட்டியையும் காசுப் பையையும் கொண்டுவந்து என் கல்லாவின் மேல் வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அணியக் கலைச்சாச்சு ஃபெஸ்டி. இருக்குற பிள்ளைங்கள பக்கத்து ஊரு எடுத்துக்குது. அங்க கழிப்பறை இருக்கு. பஸ்லயே நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"அப்போ சீட்டு யாரு விக்கிறது?"

"கை தூக்குனவங்க."

இப்போது நான்தான் விற்கிறேன். அணி அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றது. கில்வாரி இன்னும் ஒரு வருடம் இருக்கிறார், ரூரியும் இருக்கிறான். சீட்டு வாரா வாரம் விற்றுத் தீர்ந்துவிடுகிறது, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் கடையைப் பூட்டுவதில்லை. கல்லாவிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது. கேட்டு யாரும் வருவதில்லை.