கையைப் பார்த்து அடிப்பவன்

காலை ஆறு நாற்பது. குசினி ஜன்னல் திரையை விலக்கியபோது முதலில் தெரிந்தது தம்பியின் முதுகு. பின்வளவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், பந்தடிக்கும் துடுப்பைத் தோளுக்கு மேலே தூக்கியபடி நின்றான். அடிக்கவில்லை. எதிரே வேலி மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். துடுப்பைத் தாழ்த்தி, மறுபடியும் தூக்கி, மறுபடியும் நின்றான். நான் கேத்திலைப் போட்டேன்.

முதல் நாள் மாலைதான் ஹீத்ரோவில் வந்து இறங்கியிருந்தான். கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் எப்போதும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற வழியில்தான் வருவான். இரண்டு இரவு தங்குவான், உடுப்புத் தோய்ப்பான், போய்விடுவான். இந்த முறை ஒருவழிப் பயணச்சீட்டோடு வந்திருந்தான்.

தம்பி பேஸ்போல் ஆடிச் சம்பளம் வாங்கியவன். பந்தைப் பிடிப்பதில் சுமார், ஓடுவதில் அதைவிடச் சுமார். அடிப்பதற்காகத்தான் அவனை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவுடன் டொராண்டோவுக்குப் போனபோது அவனுக்கு ஏழு வயது. நான் சில வருடங்கள் கழித்து லண்டனுக்கு வந்தேன். டொராண்டோவில் பள்ளிக்கூடத்தில் யாரோ அவன் கையில் துடுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அது அவனை அமெரிக்காவின் தெற்கில் ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு சின்ன ஊர்களின் அணிகள், நீண்ட பஸ் பயணங்கள். உச்சியில் இருக்கும் பெரிய லீக்கில் அவன் ஒரு நாளும் ஆடியதில்லை. மெக்சிகோ, ஆஸ்திரேலியா, தைவான், இத்தாலி, கடைசியாக ஒல்லாந்து. ஒரே ஊரில் இரண்டு கோடைகாலம் இருந்தானா என்பது எனக்கு நினைவில்லை.

சொந்தக்காரர்களுக்கு அம்மா அதை ‘எல்லே மாதிரி’ என்று விளக்குவார். எல்லே என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு. கலியாண வீடுகளில் யாராவது என்னைக் கேட்பார்கள்: “உம்மட தம்பி இன்னும் எல்லேதானோ?” நான் ஓம் என்பேன். ஒரு தமிழ்க் கிழமைப் பத்திரிகையில் நான் செய்தி திருத்திக்கொண்டிருந்த காலத்தில், அப்பா தொலைபேசியில் “உன்ர பேப்பரில அவனைப் பற்றி ரெண்டு வரி போடன்” என்றார். இரண்டு பந்தி போட்டேன். ஒரு வாசகர் மட்டும் அழைத்தார். எத்தனை விக்கெட் என்று கேட்டார்.

இப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது. ஒல்லாந்து அணி அவனை மறுபடியும் எடுக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு சிற்றூர் அணி மட்டும் அவன் மடலுக்குப் பதில் போட்டிருந்தது. அதன் பயிற்சியாளர் அடுத்த சனிக்கிழமை லண்டனுக்கு மேற்கே ஒரு மைதானத்தில் ஆட்களைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் ஒரு கோடைகாலம் ஆட்டம், தங்க ஓர் அறை, ஓட ஒரு சைக்கிள்.

“இது கிடைக்காட்டி முடிஞ்சுது அக்கா,” என்றான் தம்பி. பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னான்.

அன்று முதல் காலையில் நான் வேலைக்குப் போக முன்னர் ஆற்றங்கரைப் பூங்காவில் அவனுக்குப் பந்து எறிந்தேன். அவன் அடிப்பதற்காக அல்ல. பழைய ரென்னிஸ் பந்துகளில் சிலவற்றில் சிவப்புப் பொட்டும் சிலவற்றில் கறுப்புப் பொட்டும் மைப்பேனையால் வைத்திருந்தான். பந்து என் கையை விட்டதும் அவன் நிறத்தைச் சொல்ல வேண்டும். நேராக வருகிற பந்தா, வளைகிற பந்தா என்பதை அடிப்பவன் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்தாக வேண்டுமாம். அதற்கான பயிற்சி இது. நிறத்தைப் பிடிக்கிற கண் வளைவையும் பிடிக்கும்.

“சிவப்பு.”

“ஓம்.”

“கறுப்பு.”

“ஓம்.”

“கறுப்பு. அக்கா, கொஞ்சம் வேகமா எறி. கொத்தமல்லி தூவுற மாதிரி எறியிறாய்.”

ஏறக்குறைய எல்லாமே சரியாகச் சொன்னான். நாய்களோடு நடந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இவனுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை என் கணவரும் கூட வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினார்.

“இஞ்ச தாரும், நான் எறியிறன். பள்ளிக்கூடத்தில நான்தான் முதல் ஓவர் போடுறது.”

“அத்தான், தோள் கழண்டுபோகும்,” என்றான் தம்பி.

“நீ கண்ணைத் திறந்து வைச்சிரு மச்சான்.”

எறிந்தார். என்னைவிட மெதுவாகத்தான் பந்து போனது.

“கறுப்பு.”

“சிவப்பு.”

“கறுப்பு.”

“இதுவும் சிவப்பு. உனக்கென்ன கறுப்பில அவ்வளவு ஆசை?”

“சிவப்பு.”

“அது கறுப்பு மச்சான்! பாத்தியா, என்ர வேகம் அப்பிடி.”

தம்பியும் சிரித்தான். பந்துகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். சீட்டாட்டத்தில் என் கணவரிடம் யாரும் வென்றதில்லை. கையில் என்ன இருந்தாலும் அவர் முகம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் ரயிலுக்குப் போன பிறகு, வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

“என்னட்ட மட்டும் எப்பிடிச் சரியாச் சொன்னனி?”

“சிவப்பெண்டா நீ கீழ் உதட்டை உள்ளுக்கு இழுக்கிறாய்.”

“அப்ப நிறம் தெரியேல்லையோ?”

“தெரியுது. பிந்தித் தெரியுது.”

“கண் டொக்டரிட்டப் போனனியோ?”

“போனன். கண்ணில ஒரு பிழையும் இல்லையாம். வயசாம்.”

பிறகு அவனாகவே சொன்னான். முன்பும் அவனுடைய கண் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருந்ததில்லையாம். அவன் பந்தைப் பார்த்து அடிக்கவில்லை, எறிகிறவனைப் பார்த்து அடித்தான். புது நாட்டுக்குப் போனால் முதலில் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபடி எறிகிறவர்களை மட்டும் கவனிப்பான். ஒருவன் வளைந்த பந்தென்றால் கையுறையை அகலமாக விரிப்பான். ஒருவனுக்கு முழங்கை இறங்கும். மெக்சிகோவில் ஒருவன் மூச்சை அடக்குவான், கன்னம் உப்பும். அதை அவன் எனக்கு நடித்துக் காட்டினான். பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அவங்களுக்குத் தெரிய வந்தா?”

“மாத்திப்போடுவாங்கள். நான் வேற நாட்டுக்குப் போயிடுவன்.”

அவன் ஏன் ஓர் இடத்தில் நிலைக்கவில்லை என்று வீட்டில் பல வருடங்களாகப் பேசியிருக்கிறோம். குணம் என்றார் அப்பா. சாதகப் பலன் என்றார் அம்மா. அவன் வாயால் காரணத்தைக் கேட்டபோது நான் வீதியைக் கடக்கப் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தேன். விளக்கு மாறியது, கடந்தோம்.

“அப்ப சனிக்கிழமை என்ன செய்யப்போறாய்?”

“ஆர் எறிஞ்சாலும் பரவாயில்லை அக்கா. கொஞ்சப் பந்து விட்டுப் பாத்தா ஆளைப் பிடிச்சிடுவன்.”

வியாழனும் வெள்ளியும் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எறிந்தேன். “இப்ப புருவம்,” என்றான்.

சனிக்கிழமை கணவருக்கு வேலை. நான் தம்பியுடன் போனேன். ரயில், பிறகு பஸ், பிறகு சேறான ஒரு பாதை. மழை விட்டிருந்தது, குளிர் விடவில்லை. பயிற்சியாளர் உயரமான, பணிவான மனிதர். என்னிடமும் கை குலுக்கினார். இன்னும் சில பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் தம்பியைவிட வயது குறைந்தவர்கள். உதவியாளர் ஒருவர் வேனிலிருந்து முக்காலியில் நிற்கும் ஒரு பெட்டியை இறக்கிக் கம்பிகளைப் பொருத்தினார். பந்து எறிகிற இயந்திரம்.

தம்பி குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அதைப் பார்த்தான். பிறகு மற்றச் சப்பாத்தைக் கட்டினான்.

இந்தக் குளிரில் ஆட்களை எறியவிட்டால் தோளில் காயம் வரும் என்று பயிற்சியாளர் விளக்கினார். இயந்திரம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, யாருக்கும் குறை இருக்காது. நேர்ப் பந்தையும் வளைந்த பந்தையும் அதுவே கலந்து எறியும். பந்து போடுகிற உதவியாளருக்கும் அடுத்தது எது என்று தெரியாது. யாராவது ஒருவர் கையால் எறிய முடியுமா என்று தம்பி ஆங்கிலத்தில் கேட்டான். முடியாது என்பதைப் பயிற்சியாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அவன் முறை வந்தது. நான் அவன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றேன். முதல் பந்து நேராக வந்தது. அடித்தான், தூரமாகப் போனது. அடுத்ததும் நேர், அதையும் அடித்தான். அதன் பிறகு வளைந்த பந்துகள் வரத் தொடங்கின. துடுப்பு காற்றில் போனது. மறுபடியும் காற்றில். அவன் உதவியாளரின் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பெட்டியின் வாயை, ஒரு முகத்தைப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தான். நேர்ப் பந்து ஒன்றை, வேண்டாம் என்று தலையை ஆட்டி, அடிக்காமல் விட்டான். வளைந்த ஒன்றுக்கு முழு உடம்பையும் சுழற்றினான். எனக்கு விரல்கள் குளிர்ந்தன, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நான் கவனித்தது அவ்வளவுதான்.

பயிற்சியாளர் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். தோளைத் தட்டினார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். தம்பி முழுவதையும் குடித்துவிட்டு, கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

“வா,” என்றான்.

ரயிலில் பசிக்கிறது என்றான். ரூட்டிங்கில் இறங்கி மட்டன் ரோல்ஸ் வாங்கினோம். கடைக்காரர் அவனுடைய நீளமான பையைப் பார்த்துவிட்டு “அண்ணை கிரிக்கெட்டோ?” என்று கேட்டார். தம்பி ஓம் என்றான்.

வீட்டில் கணவர் வேலை முடிந்து வந்திருந்தார்.

“என்ன மச்சான், என்னவாம்?”

“மெஷின் அத்தான். அதுக்கு முகமே இல்லை.”

“அடேய், அதுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே.”

“நீங்களும் மெஷின்தானே.”

இருவரும் சிரித்தார்கள். கணவர் சிரிப்பை முதலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் இடியப்பத்தைச் சூடாக்கினேன். மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சாப்பிட்டோம். தம்பி சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை அவன் டொராண்டோவுக்குப் போனான். இப்போது அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான்.