எல்லைக்கு மேலே வரும் சம்பளம்

மட்டக்களப்பு நகரில், ஒரு தனியார் கம்பனியின் கிளையில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. கணவர் இறந்த பிறகு கல்லடி வீட்டில் நான் மட்டும்தான். மகன் லண்டனில். நாள் முழுவதிலும் நான் மனம்விட்டுப் பேசுவது எதிர் மேசைக்காரியோடு மட்டுமே. அவள் காத்தான்குடிக்காரி. என்னைவிட நிறைய இளையவள். கணவன் கட்டாரில். வேலை முடிந்ததும் தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிப் பாலம் கடந்து, என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவாள்.

போன வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. திருகோணமலைக் கிளையில் பொறுப்பதிகாரி. முகாமையாளரின் அறையிலிருந்து வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு இது வேணாம் அக்கா. ஏலாதெண்டு சொல்லப்போறன்.”

“ஏன் மகள்? பக்கத்துல கிண்ணியாவுல உன்ர கூடப்பிறந்த ராத்தா இருக்கா தானே?”

“அதில்லக்கா. புதுச் சம்பளம் வரி எல்லையைத் தாண்டுது. ஒரு ரூபா தாண்டினாலும் முழுச் சம்பளத்துக்கும் வெட்டுவாங்களாம். இப்ப கைக்கு வாறதையும் விடக் குறைஞ்சிரும்.”

தான் பார்த்த காணொளியைக் கைபேசியில் காட்டினாள். அதில் இந்தியர் ஒருவர் வரித் தள்ளுபடி, விளிம்பு நிவாரணம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார்.

“இதுல நமக்கு எது அக்கா?”

எனக்கும் சரியாகத் தெரியாது என்று சொன்னால் போதும், அவள் இங்கேயே இருந்துவிடுவாள். அப்படி நினைத்ததே எனக்குக் கூச்சமாகிவிட்டது. கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“இது அந்த நாட்டுச் சட்டம், மகள். அங்க எல்லைக்குள்ள இருந்தா வரியைத் தள்ளுபடி செய்யிறாங்க. கொஞ்சம் தாண்டினாலும் அந்தத் தள்ளுபடி போயிரும். கூடுதலா வந்த காசை விட வரி கூடிரக்கூடாதெண்டுதான் விளிம்பு நிவாரணம் குடுக்காங்க.”

“நமக்கு அது இல்லையா?”

“நமக்கு அது தேவையில்ல. எல்லை வரைக்குமான வரியில்லாத தொகையை முதலே கழிச்சிப்போட்டு, மிச்சத்துக்குத்தான் இங்க வரி. எல்லைக்கு மேல பத்தாயிரம் வந்தா அந்தப் பத்தாயிரத்துக்கு மட்டும். முதல் படியில ஆறு வீதம். அறுநூறு ரூபா.”

“அப்ப மிச்சம் எனக்கா?”

“வரியால உன்ர பழைய சம்பளம் ஒரு சதமும் குறையாது.”

அவளே இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மாதம் முடியுமுன் அவள் போய்விட்டாள்.

அவளுடைய இடத்துக்கு யாரையும் போடவில்லை. நான் பகலில் கூட்டல் கழித்தலை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தேன். காவலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, “ஆரோட கதைக்கிறீங்க மிஸ்?” என்று கேட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

முதல் சம்பளம் கிடைத்த அன்று அவள் அழைத்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியேதான் வெட்டியிருக்கு அக்கா. கூட்டமொண்டு இருக்கு, மறுகா எடுக்கிறன்.”

குரலில் புதிதாக ஒரு மிடுக்கு. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அன்று படுக்கும்வரை கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் எடுத்தாள். பெருநாளைக்குக் கிண்ணியாவுக்கு வரச் சொன்னாள்.

“வாறன்” என்றேன். மறுநாளே பஸ் நிலையத்துக்குப் போய், திருகோணமலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கென்று விசாரித்தேன்.