பிந்திப் போன விரதம்

போன தை மாதம் என் தங்கச்சி சுகந்தி எழுதியது அவளுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அரச வங்கியில் கிளார்க் வேலைக்கான போட்டிப் பரீட்சை. அதற்குமுன் இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். இனி வயது எல்லை தாண்டிவிடும்.

சுகந்தி சாவகச்சேரியில் தனியாக இருக்கிறாள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனபிறகு ஒரு புடைவைக் கடையில் நின்று வேலை செய்தாள். கடை பூட்டி வந்து படிப்பாள். ஊர்ச் சனம் சும்மா இருக்குமா? "உன்ர அக்கா கனடாவில்தானே. உனக்கேன் இந்தத் தலையிடி?" என்று கேட்பார்கள். ஒருநாள் போனில் சொன்னாள்: "அக்கா, நீங்கள் அனுப்புற காசில சாப்பிடேக்க தொண்டைக்குள்ள நிக்குது." அன்று நானும் சாப்பிடவில்லை.

என்னால் அவளுக்காகப் படிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது பிள்ளையார் ஒருவர்தான். "பயப்பிடாத. நீ மண்டபத்துக்குள்ள போற நேரம் நான் பிள்ளையாருக்கு முன்னால இருப்பன். நீ வெளியில வாற வரைக்கும் எழும்பமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றேனா? வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொன்னேன். தங்கச்சிக்காக விரதம் இருக்கப்போகிறேன் என்று சொல்லும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

பரீட்சை ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. ஸ்காபரோவில் இவ்வளவு வருடம் இருக்கிறேன், நேரம் மாற்றிப் பார்க்க எனக்கு விரல் மடிக்கத் தேவையில்லை. அங்கே காலை ஒன்பது, இங்கே இரவு பத்தரை. ஞாயிறு முழுக்க உபவாசம், இரவு பத்தரைக்குச் சுவாமி அறையில் இருப்பது என்று முடிவு செய்தேன். புதுத் திரி, அறுகம்புல், கொழுக்கட்டைக்கு மா, எல்லாம் சனிக்கிழமையே ஆயத்தம்.

அந்தச் சனிக்கிழமை இரவு என் கணவரின் கூட்டாளி வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள். பெரிய மண்டபம். எங்கள் ஆட்களின் பார்ட்டியில் சாப்பாடு எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. பத்தரைக்குத்தான் மூடி திறந்தார்கள். நாளைக்கு விரதம் என்ற நினைப்பில் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு பெண்களோடு சேர்ந்து ஆடினேன். ஆமாம், ஆடினேன்.

ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன். சுகந்தியின் போன் வந்தது. "அக்கா, சோதினை முடிஞ்சுது. நல்லாச் செய்திருக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. "இண்டைக்கு இரவெல்லோ?" என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். நுண்ணறிவுக் கேள்விகள் வந்ததும் கை நடுங்கியதாம். தாளில் இருந்த எழுத்தே தெரியவில்லையாம். எழும்பி வெளியே போவோமா என்றுகூட நினைத்தாளாம். "அப்பதான் அக்கா, நீங்கள் இப்ப பிள்ளையாருக்கு முன்னால இருக்கிறியள் எண்டு நினைச்சன். ஆரோ பக்கத்தில வந்து இருந்தமாதிரிக் கிடந்துது. நடுக்கம் நிண்டிட்டுது. பிறகு மளமளவெண்டு செய்தன்."

நான் "ம்" என்றேன்.

போனை வைத்ததும் இவரிடம் கேட்டேன். "அங்க ஞாயிறு காலமை எண்டா இஞ்ச சனி இரவெல்லோ" என்றார், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே. மணியைச் சரியாகப் பார்த்த நான் கிழமையைப் பார்க்கவில்லை. அவள் கை நடுங்கிய நேரம் நான் எலும்பு சூப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவாமி அறைக்குள் போகவே கால் வரவில்லை. படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாசலிலேயே குந்தியிருந்து அழுதேன்.

ஆனாலும் அன்று விரதத்தை விடவில்லை. முடிந்த பரீட்சைக்கு விரதம் இருந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்தரைக்கு விளக்கேற்றி, "பிள்ளையாரப்பா, நான் பிந்திப்போனன். என்ர பிழைக்கு அவளைத் தண்டிச்சுப் போடாதை" என்று மட்டும் கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.

சித்திரையில் முடிவு வந்தது. சுகந்தி பாஸ். நேர்முகத் தேர்விலும் எடுபட்டாள். பஜனையில் எல்லோரும் என் கையைப் பிடித்து, "உங்கட விரதந்தான் காப்பாத்தினது" என்றார்கள். சறோ அன்ரி பொன்னாடைகூடக் கொண்டுவந்தா. வேண்டாம் அன்ரி, வேர்க்குது என்று சொல்லித் தப்பினேன். பாராட்டப் பாராட்ட எனக்கு அடிவாங்குவது போல இருந்தது.

வேலைக்குப் போன முதல் நாள் சுகந்தி வங்கி வாசலில் நின்று வீடியோ அழைப்பு எடுத்தாள். நல்ல சேலை, நெற்றியில் சந்தனம். "அக்கா, எல்லாம் உங்களாலதான்" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சனியை ஞாயிறென்று நினைத்தது, பார்ட்டி, இறைச்சிக் கறி, ஆடியது, ஒன்றும் விடாமல் சொன்னேன். "நீ சோதினை எழுதின நேரம் நான் கும்பிடேல்லை, சுகந்தி. என்னை மன்னிச்சுக்கொள்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். கோபித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் நிறைந்திருந்தது.

"அப்ப அந்த நேரம் எனக்குப் பக்கத்தில வந்து இருந்தது ஆர், அக்கா?"

அது யாரென்று உங்களில் யாருக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடியார்களே, அன்றிலிருந்து இன்னாருக்காக விரதம் இருக்கிறேன் என்று நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. இதை எழுதியதும் என் பக்தியைக் காட்ட அல்ல. அந்த வெற்றியில் என் பங்கு ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகத்தான். உங்களில் யாராவது, நான் தகுதி இல்லாதவள், நான் கேட்கப் பிந்திவிட்டேன் என்று கோவில் வாசலிலேயே தயங்கி நின்றால், தயவுசெய்து உள்ளே வாருங்கள். நாங்கள் பிந்தலாம். அவர் எங்களுக்கு முன்பே போய்ப் பக்கத்தில் இருந்துவிடுகிறார்.