கண்வலிப்பூவில் காய் பிடித்த கதை

1999இல் அலங்காநல்லூர் பக்கம், இருளாயி அரை ஏக்கரில் கண்வலிக்கிழங்குக் கொடி வளர்த்தாள். அதன் விதை மருந்துக்குப் போகும். ஐப்பசியில் தோட்டமே சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்தது. ஆனால் பூக்களெல்லாம் காய் பிடிக்காமலே உதிர்ந்தன.

"இதைப் பிடுங்கிட்டு மல்லி போடுவோம்" என்றான் கணவன் அழகுபாண்டி.

"கொஞ்சம் பொறு மாமா."

தேனீயே வரவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். வீட்டுப் பூசணிக்குச் செய்வதுபோல, தினமும் காலையில் கோழி இறகால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தடவினாள்.

"பூவுக்குப் பொட்டு வைக்கிறியாக்கும்?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

பத்தாம் நாள் அழகுபாண்டி வரப்பிலிருந்து கத்தினான்: "ஏ இருளாயி, ஓடியா! அம்புட்டும் காய்!"

மறுநாள் அவனும் தடவ வந்தான். முரட்டு விரல் பட்டு முதல் பூவே ஒடிந்தது. இருளாயி திட்டவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தாள்.