மூன்று படம், ஒரே பாவாடை

மலையிலிருந்து நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே தையல்காரிக்குக் கண் பூத்துவிட்டது. ஆனாலும் "காட்டுல பச்சையாவே இறைச்சி தின்பீங்களாமே?" என்று கேட்கிறவர்கள் ஓயவில்லை. "கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்பதுதான் அவள் பதில்.

அன்று நடன டீச்சர் தடித்த பழைய புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆண்டுவிழாவில் ஆதிக்குடிகள் நடனமாம். இலைப் பாவாடை, தலைக்கு இறகு, பதினோரு பேருக்கு. முன்வரிசையில் தையல்காரியின் மகள்.

"அவ ஏன் முன்னாடி?"

"அசல் ஆளாச்சே அக்கா!"

மிஷினுக்குப் பின்னால் நின்ற மகள் முணுமுணுத்தாள். "இதைப் போட்டுட்டு ஏறினா, மறுநாள் வகுப்புல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமாம்மா?"

"எங்கம்மா நெய்த துணி கட்டினவங்க, டீச்சர். இலையை ஆடு தின்னுதான் பார்த்திருக்கேன்."

"நூறு வருஷம் முந்தியே வெள்ளைக்கார அதிகாரி படம் பிடிச்சுப் போட்டிருக்காரு. அவரு ஏன் பொய் சொல்லப்போறாரு?"

தையல்காரி புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். முதல் படம் அவள் மலை சனம். கீழே 'பிறவிச் சோம்பேறிகள்'. அடுத்தது கடலோர சனம், 'திருட்டுக் குணம்'. மூன்றாவது மணல்காட்டில் ஆடு மேய்ப்பவர்கள். ஊசி கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். எல்லாரும் இலைப் பாவாடையில். அதன் இடுப்புப் பட்டியில் ஒரு கிழிசல். அதன்மேல் ஏழு தையல், கடைசியது கோணல். மூன்று படத்திலும்.

"எண்ணிப் பாருங்க. ஒரே பாவாடை! பெட்டியில போட்டு ஊர் ஊராக் கொண்டுபோய், கிடைச்சவங்களுக்கெல்லாம் மாட்டிவிட்டிருக்கான். மணல்காட்டுல இவ்வளவு அகல இலை ஏது டீச்சர்?"

டீச்சர் இரண்டு முறை எண்ணினாள். "ஆமாந்தான்... ஆனா அழைப்பிதழ் அச்சாயிடுச்சே அக்கா. சாதாத் துணியில வந்தா இவங்க யாருன்னு எப்படித் தெரியும்? வேணும்னா உங்க பொண்ணை மட்டும் விட்டுடறேன்."

தையல்காரிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மகளைப் பார்த்தாள். "நான் ஆடணும்மா. இலைதான் வேணாம்" என்றாள் மகள்.

"விட வேணாம் டீச்சர். முன்வரிசையிலேயே நிக்கட்டும். அவ துணியை நான் தைக்கிறேன். மீதிப் பத்தை வேற கடையில குடுத்துக்கோங்க."

ஆண்டுவிழாவில் பத்து இலைப் பாவாடைகளுக்கு முன்னால், பாட்டி கட்டிய மாதிரியே சிவப்புக்கரைத் துணியில் மகள் நிமிர்ந்து ஆடினாள். தையல்காரிக்குக் கண் கலங்குகிற நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"அந்தப் பொண்ணு மட்டும் ஏன் வேஷம் போடலை?"

பெருமூச்சு விட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தையல்காரி முதல் படத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.