நெத்தலிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்

கட்டாரிலிருந்து வந்த மாமா தன் பழைய போனை எனக்குத் தந்தபோது எனக்குப் பத்து வயது. அதில் நிறக் குமிழ்களை உடைக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது.

அதுவரை ஆலங்குடாக் கடற்கரையில் எங்களுக்குக் கிளித்தட்டுத்தான். மணலில் கோடு கிழித்து, ஒரு பக்கத்தார் கோட்டுக்குக் கோடு நின்று மறிக்க, மறுபக்கத்தார் பிடிபடாமல் தாண்டி ஓட வேண்டும். உம்மா நெத்தலி காயப்போடும் வலையைச் சுற்றியே ஓடுவோம். காகம் விரட்டுவது என் பொறுப்பு. ஆனால் ஒருநாளும் விரட்டியதாக ஞாபகம் இல்லை.

கிளித்தட்டில் களைத்து, போதும் என்று ஆனபிறகே வீட்டுக்குப் போவோம். போன் அப்படி விடாது. ஐந்து உயிர் தரும். இன்னும் ஒரு தடவை ஆடினால் வென்றுவிடலாம் என்கிற நேரம் பார்த்து, உயிர் முடிந்தது, அரை மணித்தியாலம் பொறு என்னும். வயிறு நிறையச் சோறு போட்டவரை மறந்துவிடலாம். அரை வயிற்றில் எழுப்பிவிட்டவர் வாசலை விட்டுப் போக மனம் வராது. போதாததற்கு, தோற்றால் போன் சிரிப்பதுமில்லை.

ஒருநாள் நான் விளையாட்டுக்கு வரவில்லை என்றேன். ஆள் குறைந்ததால் மற்றப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள். நான் மிகப் பொறுப்பாக வலையின் ஓரத்திலேயே போனோடு உட்கார்ந்தேன். உம்மா கூடையோடு வந்தபோது பாதி வலை வெறுமை. மீதியில் காகம் கொத்திய தலைகள். மறுநாள் கற்பிட்டி வியாபாரி அதை எடுத்தால்தான் எங்கள் வீட்டில் அந்த வாரம் அரிசி.

"பக்கத்திலதானே புள்ள இருந்த?"

"ஓம் உம்மா, எங்கயும் போகல்ல," என்றேன் பெருமையாக.

அடிப்பார் என்று பயந்தேன். போனைப் பறிப்பார் என்று அதைவிடப் பயந்தேன். அவர் இரண்டும் செய்யாமல், மிஞ்சியதைப் பொறுக்கிக் கழுவினார்.

மறுநாள் புது நெத்தலியைப் பரப்பியதும் உம்மாவே ஒரு தடியால் சுற்றிவரக் கோடு கிழித்தார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ஒரு ஆள் குறைந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா, இப்பதான் உயிர் வந்திரிக்கி."

பொறுத்துப் பார்த்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு என் கோட்டில் உம்மாவே நின்றார். சுடுமணலில் வெறுங்காலோடு அங்கும் இங்கும் ஓடினார். அன்று ஒரு காகமும் இறங்கவில்லை.

நான் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த வயதில் உம்மாவுக்கு விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனில் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.