ஊசியால் எழுதிய கேள்வி

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வகம் இரண்டே அறைதான். கார் விளக்கின்மேல் ஒட்டுவதற்கு, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் படலத்தை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தோம். அது புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும், கீறல் விழுந்தால் சூட்டில் தானே ஆறிவிடவும் வேண்டும். கார் கம்பெனிக்காரர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கதிரைத் தடுக்கும் ரசாயனத்தைக் கூட்டினால் படலம் மங்கியது. குறைத்தால் மொட்டைமாடி வெயிலில் ஒரே கோடையில் மஞ்சளானது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

காலை ஷிப்ட் என்கூட வேலை பார்த்தவருக்கு, மதிய ஷிப்ட் எனக்கு. அவர் ஒரகடத்துக்காரர். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் கிடந்தவள். ஷிப்ட் மாறும் அரைமணி நேரம்தான் சேர்ந்திருப்போம். அதற்காகவே கம்பெனி பஸ்ஸை நான் ஒருநாளும் விட்டதில்லை. சோதனைத் துண்டுகளில் ஊசியால் எதையாவது கீறி வைத்துவிட்டுப் போவார்: 'கேன்டீன் சாம்பார் வேஸ்ட்', 'மேனேஜர் மூட் அவுட்'. நானும் பதில் கீறுவேன். எங்கள் படலம்தான் ஒழுங்காக ஆறியதே இல்லையே, ஓவனில் வைத்து எடுத்தாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

அவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று பார்த்து என் பஸ் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். மேசைமேல் புதுக் கலவையில் செய்த துண்டுகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதையும் பார்க்காமல், வழக்கம்போல் தட்டோடு ஓவனில் தள்ளினேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

"ஒரு பீஸ்ல கீறி வெச்சிருந்தேனே, படிச்சியா? இன்னா சொல்ற?"

ஓடிப்போய் ஓவனைத் திறந்தேன். எல்லாத் துண்டுகளும் பளிச்சென்று இருந்தன, ஒரு கோடுகூட இல்லை. இத்தனை நாள் பாடுபட்டது பலித்திருந்தது, பாழாய்ப்போனது!

"எல்லாம் மறைஞ்சிட்டு. என்ன எழுதியிருந்தீக?"

அவர் சிரித்தார். "மறைஞ்சிடுச்சா? அப்போ நம்ம பார்முலா ஜெயிச்சிடுச்சு. வுடு."

விடாதே என்று உள்ளே ஒன்று கத்தியது. நான் "சரி" என்றேன். மக்கு, மக்கு.

எந்தத் துண்டு என்று தெரியாததால் அத்தனையையும் ஹாஸ்டலுக்கு எடுத்துவந்தேன். ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். அந்த அரைமணி நேரத்துக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. அவர் என்ன கேட்டிருந்தாலும் என் பதில் சம்மதம்தான். அதைச் சொல்ல நான் கேள்வியைப் படித்திருக்கவே வேண்டியதில்லை.